ஸ-வுக்கும் ப-வுக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம்.

1978-ல் வெளிவந்த சூப்பர்மேன் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட தீம் இசை பல கைகள் மாறியிருக்கிறது. அடுத்த இரண்டு படங்களில் கென் தோர்ன், நான்காவதில் அலெக்சாண்டர் கரேஜ், 2006-ல் ஜான் ஆட்மன். 2013-ல் ஹான்ஸ் ஸிம்மர் அதைத் தொடாமல் புதிதாக எழுதினார். 2025-ல் ஜான் மர்ஃபியும் டேவிட் ஃபிளெமிங்கும் மறுபடி எடுத்தார்கள், எலெக்ட்ரிக் கிட்டாரோடு.

இந்த மெட்டு மட்டும் எப்படி இத்தனை பேருக்கு வளைந்து கொடுக்கிறது? அதன் தலைப்பகுதியைக் கேளுங்கள். ஸ-வில் மூன்று துரிதத் தட்டு, உடனே ப-வுக்கு ஒரு தாவல். நடுவில் காந்தாரம், அதாவது க, கிடையாது. மெட்டு மேஜரா (பிரகாசமான வகை) மைனரா (சோகமான வகை) என்று காட்டிக்கொடுப்பதே காந்தாரம்தான். அது இல்லாததால் அடியில் வைக்கும் கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) உணர்ச்சியைத் தீர்மானிக்கிறது. ஸ-வை மேற்கத்திய சுரமான சி என்று வைத்துக்கொள்வோம். கீழே சி மேஜர் வைத்தால் வெற்றி முழக்கம். சி மைனர் வைத்தால் இழப்பு. ஏ ஃப்ளாட் மேஜர் வைத்தால் அதே இரண்டு சுரங்கள் ஏக்கமாகிவிடும். 2017-ல் வந்த ஜஸ்டிஸ் லீக் படத்தில், உயிர்த்தெழுந்த சூப்பர்மேன் மற்ற நாயகர்களையே தாக்கும் இடத்தில், டேனி எல்ஃப்மன் இந்தத் தீம் இசையை இருட்டாக்கிக் கொடுத்தது இந்த இடைவெளியில்தான்.

கிட்டாருக்கும் இது பொருந்துகிறது. டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் விளைவு) போட்டால் இரண்டு சுரங்கள் சேரும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகக் கிளம்பும். 200, 300 ஹெர்ட்ஸ் என்றால் 100-ம் 500-ம் வரும். எல்லாம் நூறின் மடங்கு, ஒலி திடமாக நிற்கும். 200-க்கு மேல் அந்தர காந்தாரத்தை (மேஜர் க) பியானோ சுருதியில் வைத்தால் 252. கிளம்புவது 52, 452. எதோடும் ஒட்டாமல் கரகரக்கும்.

எல்ஃப்மனின் 1989 பேட்மேன் தீம் இதற்கு நேர் எதிர்: ஸ ரி க த ப, சாதாரண காந்தாரம் (மைனர் க), சுத்த தைவதம் (தாழ்ந்த த). மூன்றாவது சுரத்திலேயே மைனர் என்று முடிவாகிவிடுகிறது. இதை ஒளியூட்டப் போனால் வேறு மெட்டாகிவிடும். மாற்ற வேண்டுமென்றால் வாத்தியத்தையும் வேகத்தையும் மாற்றலாம், அவ்வளவுதான்.

பழைய தீம் இசையைப் புதுப் படத்தில் எடுத்தாளும் இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் சொதப்புவது நேரக் கணக்கில். 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை) நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு பார் 2 வினாடி. எட்டு பார் மெட்டென்றால் 16 வினாடி. இன்றைய சண்டைக் காட்சியில் எடிட்டர் விடுவது 6 வினாடி என்றால் மூன்று பார்தான் கிடைக்கும். முழு மெட்டையும் அதற்குள் திணிக்க வேகத்தைக் கூட்டினால் அந்த மூன்று தட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 160-ல், ஓர் எண்ணிக்கைக்குள் மூன்று தட்டு என்றால், ஒவ்வொரு தட்டுக்கும் 0.125 வினாடிதான்; எதிரொலி அதிகமுள்ள கூடத்தில் பதிவு செய்தால் ஒரே இழுப்பாகக் கேட்கும். தாவலை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கிருந்து உங்கள் சொந்த மெட்டுக்குப் போய்விடுவதே நல்லது. படத்தின் முதல் பாதியில் அந்தத் தாவலை ஒற்றை ஹார்ன் வாத்தியத்தில், பாதி வேகத்தில், வசனம் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். முழுத் தீம் இசையை இரண்டு தடவைக்கு மேல் ஒலிக்கவிடும் படம், கடைசிக் காட்சிக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது என்பது என் கருத்து.

அனுமதி விஷயம் வறட்சியானது, ஆனால் தப்ப முடியாது. இசையமைப்புக்கு ஓர் உரிமை, பழைய ஒலிப்பதிவுக்கு வேறு உரிமை. புதிதாக வாசித்துப் பதிவு செய்தால் முதலாவது போதும். பழைய பதிவின் ஒரு துண்டை ஒட்டினாலும் இரண்டும் வேண்டும். இத்தனை பார் வரை இலவசம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறதே, அப்படி ஒரு சலுகையே கிடையாது. கியூ ஷீட்டில் (படத்தில் வரும் இசைத் துண்டுகளின் பட்டியல்) இரண்டு பார் மேற்கோளைக்கூட மூல இசையமைப்பாளர் பெயரோடும் கால அளவோடும் தனியாகக் காட்ட வேண்டும். ராயல்டி பிரிவது அந்தத் தாளை வைத்துத்தான். ஆஸ்கர் ஆசை இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொடர் வரிசைப் படங்களின் ஸ்கோரில் (பின்னணி இசை) குறைந்தது 80 சதவீதம் புது இசையாக இருக்க வேண்டும் என்று 2020-ல் அகாடமி விதி வகுத்தது. ஆகவே ஸ்பாட்டிங் நாளிலேயே (எங்கெங்கே இசை வரும் என்று இயக்குநரோடு உட்கார்ந்து முடிவு செய்யும் நாள்), எந்தக் காட்சியில் எத்தனை வினாடி பழைய மெட்டு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.