மொந்தைதான் பழசு, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோ, மாறிவரும் பாதுகாப்புச் சூழலுக்கு ஏற்ப மாறியிருக்கிறதா, பழைய பாதையிலேயே போகிறதா என்பது இன்றைய தலைப்பு. மாறியிருக்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, "நேட்டோ என்பது புதிய மொந்தையில் பழைய கள்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். நானும்தான் தட்டினேன். ஆனால் அக்கா தலைகீழாகச் சொல்லிவிட்டார். மொந்தைதான் பழசு, கள் மாறிக்கொண்டே வருகிறது.

மொந்தை எது? 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம். மொத்தமே 14 பிரிவுகள்தான். வீட்டு வாடகைப் பத்திரம்கூடச் சில நேரம் இதைவிட நீளம். ஐந்தாவது பிரிவில்தான் உயிர் இருக்கிறது: ஒருவர் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால், அது எல்லோர் மீதும் நடந்த தாக்குதல். எழுதியவர்கள் பயந்தது சோவியத் படைக்கு.

அந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் கையில் எடுக்கப்பட்டது. 2001 செப்டம்பர் 12. முந்தைய நாள் வந்தது டாங்கி அல்ல, பயணிகள் விமானம். அடி வாங்கியதும் ஐரோப்பா அல்ல, அமெரிக்கா! 13 நாட்டு வீரர்களோடு நேட்டோவின் 7 கண்காணிப்பு விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் அமெரிக்க வானத்தைக் காவல் காத்தன. மற்றவர்களைக் காப்பாற்ற வேண்டியவரையே மற்றவர்கள் காப்பாற்றப் போன கதை இது.

அப்புறம் 2007. நேட்டோ உறுப்பு நாடான எஸ்தோனியாவில் ஒரு சோவியத் காலச் சிலையை இடம் மாற்றினார்கள். உடனே வங்கி, பத்திரிகை, அரசு என்று இணையதளங்கள் வரிசையாக முடங்கின. ஒரு குண்டுகூட விழவில்லை. இது தாக்குதலா, இல்லையா? மறு ஆண்டே எஸ்தோனியத் தலைநகர் தாலினில் இணையப் பாதுகாப்புக்கு ஒரு மையம் வந்தது. இணையத் தாக்குதலுக்கும் ஐந்தாவது பிரிவு பொருந்தலாம் என்று 2014 நேட்டோ வேல்ஸ் மாநாட்டில் அறிவித்தார்கள். அந்தப் பிரிவில் ஓர் எழுத்து மாறவில்லை, ஐயா. "தாக்குதல்" என்ற சொல்லுக்குள் இருந்த பொருள் மாறிவிட்டது.

"அதற்கு ஏழு வருஷமா?" என்று அக்கா அங்கிருந்தே கை காட்டுகிறார். சரி, தாமதம்தான். நேட்டோவில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. 2022 மே மாதம் விண்ணப்பித்த ஸ்வீடன், துருக்கியும் ஹங்கேரியும் இழுத்தடித்ததில் 2024 மார்ச்சில்தான் உள்ளே வந்தது. ஒரு பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால் முகூர்த்தமே தள்ளிப்போகும் வீடு அது. ஆனால் கல்யாணம் நடந்ததா, இல்லையா?

நேட்டோ படை அனுப்பிய ஆப்கானிஸ்தான் விஷயத்தில் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். படைகள் வெளியேறியபோது, 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் நடந்ததை உலகமே பார்த்தது.

உண்மையிலேயே மாறாத கூட்டணி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? சோவியத் தலைமையில் எதிரில் நின்ற வார்சா ஒப்பந்தக் கூட்டணியைப் பாருங்கள். 1968இல் தன் உறுப்பு நாடான செக்கோஸ்லோவாக்கியா கொஞ்சம் வேறு மாதிரி யோசித்ததும், அந்த நாட்டுக்குள்ளேயே டாங்கியை அனுப்பியது. அதற்கு இரண்டே ஆண்டு முன்னால், 1966இல், பிரான்ஸ் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பை விட்டு விலகி, "தலைமையகத்தைப் பாரிஸிலிருந்து எடுங்கள்" என்றது. யாரும் படையெடுக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் போனார்கள். 2009இல் பிரான்ஸே அந்தக் கட்டமைப்புக்குத் திரும்பி வந்தது. வார்சா கூட்டணி 1991இல் கலைந்தது. அதில் இருந்த போலந்தும் ஹங்கேரியும் 1999இல் நேட்டோவில் சேர்ந்தன.

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரே ஒரு கேள்வி. ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை வைத்திருந்தும், பனிப்போர்க் காலம் முழுக்க எந்தப் பக்கமும் சேராமல் இருந்த பின்லாந்து, 2023 ஏப்ரல் 4 அன்று நேட்டோவில் சேர்ந்தது. பழைய கள்ளைக் குடிக்கவா வந்தது? அடுத்துப் பேசும் எதிரணி நண்பர் பதில் சொல்லட்டும்.