வாலிபால் மைதானமும் 170 டாலரும்

நடுவர் அவர்களே, தமிழ்ச் சங்கத்துச் சொந்தங்களே, வணக்கம். ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் ரொக்க உதவிக்கு வேலை நிபந்தனையும் காலக் கெடுவும் போட்ட அமெரிக்காவின் 1996 வெல்ஃபேர் சட்டம், தனித்து வாழும் தாய்மாருக்குத் தந்தது ஏற்றமா, ஏமாற்றமா? ஏமாற்றமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் புள்ளிவிவரத்தோடு வந்தார், கைதட்டலோடு போனார். நானும் தட்டினேன், நன்றாகத்தான் பேசினார்.

அவர் சொன்னது இதுதான். 1994இல் சுமார் 50 லட்சம் குடும்பங்கள் அரசின் ரொக்க உதவியை வாங்கிக்கொண்டிருந்தன. 1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் கிளின்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2000க்குள் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. தாய்மார்கள் வேலைக்குப் போனார்கள். ஆகவே ஏற்றம்!

சரி, வேலைக்குப் போனது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அது யார் செய்த புண்ணியம்? குறைந்த சம்பளக்காரர்களுக்கான வரிச் சலுகையை அதே கிளின்டன் 1993லேயே பெரிதாக்கிவிட்டார். வேலைக்குப் போனால் கையில் நாலு காசு கூடுதலாக நிற்கும் என்ற நிலை வந்தது. போதாததற்கு, கடைக்குக் கடை ‘ஆட்கள் தேவை’ என்று போர்டு தொங்கிய காலம். நம்மவர்கள் ஒய்டூகே, ஒய்டூகே என்று கம்ப்யூட்டர் வேலைக்கு விமானம் ஏறியதும் அப்போதுதானே? கொடுத்த சட்டத்துக்குப் போட வேண்டிய மாலையைப் பிடுங்கிய சட்டத்தின் கழுத்தில் போட்டுவிட்டார் நண்பர்.

ரேஷன் கடையை அடைத்தாலும்தான் வரிசை குறையும், நடுவர் அவர்களே. 1996இல் பிள்ளைகளோடு வறுமையில் இருந்த ஒவ்வொரு 100 குடும்பத்துக்கும் 68 குடும்பங்கள் இந்த உதவியைப் பெற்றன. 2020இல் அது 21. இடையில் 2008 பொருளாதார நெருக்கடி வந்து வேலைகள் பறிபோனபோது, ஃபுட் ஸ்டாம்ப் என்கிற அரசு உணவு உதவியை வாங்குவோர் எண்ணிக்கை எகிறியது. ரொக்க உதவியோ இருந்த இடத்தைவிட்டு லேசாகத்தான் அசைந்தது.

சட்டத்தின் உள்ளே போய்ப் பாருங்கள். மத்திய அரசுப் பணம் ஆயுளுக்கும் சேர்த்து 60 மாதம்தான். அதை வாங்க வாரம் 30 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். பிள்ளைக்கு ஆறு வயது ஆகவில்லை என்றால் 20. அப்படியானால் படித்து முன்னேறலாமே என்பீர்கள். தொழிற்படிப்பை வேலையாகக் கணக்கில் எடுப்பது 12 மாதம் மட்டும். நர்ஸ் ஆவதற்கு இரண்டு வருடப் படிப்பு வேண்டும். பாதியில் எழுந்து வந்து பர்கர் கடையில் நில் என்கிறது சட்டம். வேலையின் பெருமையைப் பேசுகிறவர்கள் நல்ல வேலைக்குப் போகிற வழியை ஏன் அடைக்கிறார்கள்?

பணத்தின் கதை இன்னும் வேடிக்கை. மாநிலங்களுக்கு ஆண்டுக்கு சுமார் 1,650 கோடி டாலர் என்று அன்றைக்கு எழுதினார்கள். விலைவாசி இரண்டு மடங்கு ஆகியும் அந்தத் தொகை ஏறவில்லை. அதையும் தாய்மாருக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மிசிசிப்பியில் என்ன ஆனது? குறைந்தது 7 கோடியே 70 லட்சம் டாலர் தவறாகச் செலவானது என்று தணிக்கையில் வந்தது. அதில் 50 லட்சம் டாலர், ஒரு பல்கலைக்கழகத்தில் வாலிபால் மைதானம் கட்டப் போனது! நலத்துறையின் முன்னாள் இயக்குநரே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டுகளில் அதே மாநிலத்தில் மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் கிடைத்த அதிகபட்சத் தொகை 170 டாலர். பிச்சை எடுத்தாராம் பெருமாள், அதைப் பிடுங்கினாராம் அனுமார்!

எனக்கு முதல் குழந்தை பிறந்தபோது வீட்டில் இரண்டு சம்பளம், இரண்டு கார். அப்படியும் சமாளிக்க முடியவில்லை. ஊரிலிருந்து அம்மா வந்தார். அவருடைய விசாவின் ஆறு மாதம் முடிகிற வாரத்தில் மாமியார் வந்து இறங்கினார். ரிலே ஓட்டம்தான். சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் இதே கதை என்று அர்த்தம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வேலைக்குப் போக நமக்கு இரண்டு பாட்டிகள் தேவைப்பட்டார்கள். நாம்தான் ‘அந்தப் பெண்களுக்கு உழைக்க மனமில்லை’ என்று பேசுகிறோம்.

குழந்தைக் காப்பகத்துக்கு அரசு உதவி உண்டே என்று அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி குறிப்பு எழுதி வைத்திருக்கிறார், இங்கிருந்தே தெரிகிறது. உண்டு. ஆனால் தகுதியுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே சகோதரி, புள்ளிவிவரத்துக்குப் போகும் முன் இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள்: காலை ஆறு மணி ஷிஃப்டுக்குக் கிளம்புகிற அந்தத் தாய், தூங்குகிற இரண்டு வயதுக் குழந்தையை யார் கையில் கொடுத்துவிட்டுப் போவாள்?