முடிச்சைக் கிள்ளிப் பாருங்க

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீடுகள்ல இப்ப கவுன்சிலிங் பேச்சுதான், அதுலயும் மெடிக்கல் கிடைக்கலன்னா அக்ரி பாத்துக்கலாம்னு சொல்றது காதுல விழுந்துகிட்டே இருக்கு. நான் சேர்ந்தப்ப எங்க வீட்லயும் அப்படித்தான் சொன்னாங்க, எனக்கு அப்பவே மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அதனாலதான் நீடித்த வேளாண்மைய டிகிரியா படிச்சா உண்மையில என்ன கத்துக்கலாம்னு பேச வந்திருக்கேன்.

உரம் மருந்து இல்லாத விவசாயம், அவ்வளவுதானேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. அவ்வளவு மட்டும் இல்லீங்க. ஒரு போகம் அறுத்தா மண்ணுலேர்ந்து என்னென்ன வெளிய போகுது, அதை எதால திருப்பிக் கொடுக்கறது, எப்ப கொடுக்கறது, அதுக்கு காசு தண்ணி ஆள்கூலி எவ்வளவு, இந்தக் கணக்கு மொத்தமும்தான் இந்தப் படிப்பு.

செகண்ட் இயர்ல எங்க குரூப்புக்கு ஒரு பாத்தி கொடுத்திருந்தாங்க. வைக்கோலை எரிக்கக் கூடாதுன்னு ஆசை ஆசையா மடக்கி உழுதுட்டு, நாலே நாள்ல நடவும் நட்டுட்டோம், ரெண்டு வாரத்துல பயிர் பூரா வெளிறிப் போச்சு. நான் அழுதே விட்டேன். வைக்கோல்ல கார்பன் ஜாஸ்தி, நைட்ரஜன் கம்மி, அதை மக்க வைக்கற நுண்ணுயிருங்க தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணுலேர்ந்தே இழுத்துக்கும், அந்த கொஞ்ச நாளைக்கு பயிருக்கு பட்டினிதான். புத்தகத்துல இதை நான் படிச்சு மார்க்கும் வாங்கியிருந்தேன், ஆனா அந்த மஞ்சளைப் பாத்த பிறகுதான் புரிஞ்சுச்சு.

நாலாவது வருஷம் கிராமத்துலயே தங்கி விவசாயிங்களோட வேலை செய்யணும், ராவேன்னு சொல்லுவோம். டெல்டா பக்கம் ஒரு பெரியவர் வயல்ல தக்கைப்பூண்டு இடுப்பு உசரம் நின்னுச்சு, அது மண்ணுக்கு உரமா மடக்கி உழறதுக்குன்னே வளக்கற பசுந்தாள் செடி. ஒரு செடிய வேரோட புடுங்கி, வேர்ல கடுகு மாதிரி ஒட்டிக்கிட்டிருந்த முடிச்சு ஒண்ணை நகத்தால கிள்ளிக் காட்டினார், உள்ள ரோஸ் கலர். "செவப்பா இருந்தா வேலை செய்யுது பாப்பா" அப்படின்னார். அந்த செவப்புக்கு லெக்ஹீமோகுளோபின்னு பேரு, நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினுக்கு சொந்தக்காரன், காத்துல இருக்கற நைட்ரஜனைப் புடிக்கற பாக்டீரியா அங்க உயிரோட வேலை பாக்குதுன்னு அர்த்தம். அதை நான் சொன்னதும் அவர் அந்த முடிச்சை மறுபடி வாங்கிப் பாத்தார்.

எப்ப மடக்கி உழுவீங்க அய்யான்னு கேட்டேன். ஒரு தண்டை முறிச்சுக் காட்டினார், பட்டுனு முறிஞ்சுது. 45 நாள், பூ எடுக்கற சமயம், அதைத் தாண்டினா தண்டு நார் பாஞ்சிடும், சீக்கிரம் மக்காதுன்னார். எனக்கு சட்டுனு எங்க வைக்கோல் பாத்தி ஞாபகம் வந்துடுச்சு. நார் பாஞ்ச தண்டுலயும் வைக்கோல் மாதிரி கார்பன் ஜாஸ்தி, ரெண்டும் ஒரே கணக்குங்க, கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். நாங்க லேப்ல அளந்து கண்டுபிடிக்கறதை அவர் கை முறிச்சே கண்டுபிடிக்குது. ரெண்டும் தெரிஞ்ச ஆளு வேணும், அதுக்குத்தான் இந்தப் படிப்புன்னு எனக்கு அன்னிக்குத்தான் பட்டுச்சு.

இலங்கைல நாட்டையே இயற்கை விவசாயத்துக்கு மாத்தறோம்னு 2021 மே மாசம் ரசாயன உர இறக்குமதிய ஒரேயடியா நிறுத்தினாங்க, நவம்பருக்குள்ள பின்வாங்க வேண்டியதாப் போச்சு, நெல்லு தேயிலை ரெண்டுமே அடி வாங்குச்சு. நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மண்ணு தயாராக வருஷங்கள் ஆகும், அத்தனை ஏக்கருக்குத் தொழு உரமும் பசுந்தாளும் எங்கேர்ந்து வரும்னு முன்னாடியே கணக்குப் போட்டிருக்கணும். கஷ்டப்பட்டது விவசாயிங்கதான், நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் அய்யாவும் அண்ணாமலை பல்கலைக்கழகத்துல அக்ரி படிச்சவர்தான், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்து, அங்க செய்யறது மானாவாரி விவசாயிக்கு உதவலன்னு வெளிய வந்தவர். படிச்சதாலதான் இந்த ஆராய்ச்சி யாருக்கு உதவுதுங்கற கேள்விய அவரால அவ்வளவு அழுத்தமா கேக்க முடிஞ்சுதுன்னு நான் நம்பறேன்.

வேலை கிடைக்குமான்னு கேப்பீங்க. வேளாண் அலுவலர் பரீட்சை இருக்கு, பேங்க்ல விவசாய ஆபீசர் போஸ்ட் இருக்கு, அங்ககச் சான்று, அதாவது ஆர்கானிக் சான்றுக்கான ஆய்வு, விவசாயிங்களே சேர்ந்து நடத்தற உழவர் உற்பத்தியாளர் கம்பெனின்னு இருக்கு. போட்டியும் இருக்கு, அதை மறைக்க மாட்டேன்.

கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியோட ஆரம்பம் 1868ல சைதாப்பேட்டைல, 1906ல கோவைக்கு வந்துச்சு, 1971ல பல்கலைக்கழகம் ஆச்சு. அங்கயோ வேற காலேஜ்லயோ, எங்க சேர்றதா இருந்தாலும் ஃபார்ம் எத்தனை ஏக்கர், ஸ்டூடண்ட்ஸ் எத்தனை நாள் அதுல இறங்கறாங்கன்னு கேட்டுட்டு சேருங்க தம்பிங்களா, தங்கச்சிங்களா. அதுக்கும் முன்னாடி, பக்கத்துல யாராவது தக்கைப்பூண்டு விதைச்சிருந்தா கேட்டுட்டு ஒரு செடிய மெதுவா புடுங்கி, முடிச்சைக் கிள்ளிப் பாருங்க. வணக்கம்.