பையன் பேர் ஒட்டுன டியூப்ல யாரோட ரத்தம்? புனே போர்ஷே கேஸ்ல நாம பேசாம விட்ட விஷயம்

வணக்கம் மக்களே. 300 வார்த்தைன்னா எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க? இப்ப நான் பேசுற இதே வேகத்துல பேசுனா ரெண்டரை நிமிஷத்துல முடிஞ்சிரும். அவ்வளவுதான். 2024 மே 19, ஞாயித்துக்கிழமை, புனேல ரெண்டு பேரு ரோட்டுலயே அடிபட்டு செத்துப்போனாங்க, அந்தக் காரை ஓட்டுன 17 வயசுப் பையனுக்கு பதினஞ்சு மணி நேரத்துக்குள்ள ஜாமீன் கிடைச்சுது, அதுக்கு போட்ட கண்டிஷன்ல ஒண்ணு, சாலை விபத்தைப் பத்தி 300 வார்த்தையில கட்டுரை எழுதிக் கொடுக்கணும்ங்கிறது.

இது உங்களுக்கும் தெரியும். நாடே கொந்தளிச்சுது. ஆனா அந்தக் கட்டுரை மேல நமக்கு வந்த கோவத்துல, அதைவிட பெரிய ஒரு விஷயம் நம்ம கண்ணுல படாமலே போயிருச்சுன்னு நான் நினைக்கிறேன். ஒரு சின்ன கண்ணாடி டியூப். அதுல கொஞ்சம் ரத்தம். வெளியில ஒட்டியிருந்தது பையனோட பேரு. உள்ள இருந்தது யாரோட ரத்தம்? அதுக்கு வர்றேன், கொஞ்சம் இருங்க.

முதல்ல கதையை வேகமா சொல்லிடுறேன். பன்னண்டாவது முடிச்ச சந்தோஷத்துல பார்ட்டி. ரெண்டு பப்பு. முதல் பப்புல மட்டும் ஒன்றரை மணி நேரத்துல 48,000 ரூபா பில்லுன்னு புனே போலீஸ் கமிஷனர் அமிதேஷ் குமாரே சொன்னாரு. மகாராஷ்டிராவுல ஹாட் டிரிங்க்ஸ் குடிக்க 25 வயசு ஆகணும், இவனுக்கு 17. ராத்திரி ரெண்டரை மணி வாக்குல கல்யாணி நகர்ல போர்ஷே டைக்கான் கார் ஒரு பைக் மேல மோதுது. பைக்ல இருந்த ரெண்டு பேருக்கும் 24 வயசு, ஐடி இன்ஜினியர்ஸ், மத்தியப் பிரதேசத்துல இருந்து வேலைக்காக புனே வந்த ஒரு பையன், ஒரு பொண்ணு. ரெண்டு பேரும் இறந்துட்டாங்க.

காரை ஓட்டுன பையன் பேரை நான் சொல்ல மாட்டேன். மைனர் பேரை வெளியிடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அது நல்ல சட்டம். நீங்களும் கமெண்ட்ல போடாதீங்க, ப்ளீஸ்.

இங்க ஒரு கணக்கு சொல்லணும், இதைப் படிச்சப்ப நான் அப்படியே உக்காந்துட்டேன். அந்தக் கார் கோடிக்கணக்கான ரூபா. மார்ச்ல பெங்களூர்ல இருந்து டெம்பரரி ரிஜிஸ்ட்ரேஷன்ல வந்துருக்கு. பெர்மனென்ட் நம்பர் வாங்கவே இல்ல. எவ்வளவு கட்டணும் தெரியுமா? 1,758 ரூபா! எலெக்ட்ரிக் கார்ங்கிறதால மகாராஷ்டிராவுல அப்ப ரோட் டாக்ஸ் கிடையாது. லோன் பதிவுக்கு 1,500, ஆர்சி கார்டுக்கு 200, தபால் செலவு 58. அதைக் கட்டல. நம்ம ஊர்ல பழைய டிவிஎஸ் எக்ஸெல் வெச்சுருக்கற பால்காரர் கூட ஆர்சி புக்கை பிளாஸ்டிக் கவர்ல போட்டு சீட்டுக்கு அடியில வெச்சுருப்பாரு, செக்கிங்ல புடிச்சா அன்னைக்கு சம்பாத்தியமே போயிரும்ங்கிற பயம் அவருக்கு. இந்த வீட்டுல அந்த பயம் இல்ல. விபத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இல்ல. அதான் நான் சொல்ல வர்றது, இது ஒரு ராத்திரியில திடீர்னு நடந்த தப்பு கிடையாது.

சரி, இப்ப ரத்தம். இந்த வீடியோவே இதுக்குத்தான், பொறுமையா பாருங்க.

குடிச்சிட்டு ஓட்டுனாங்களான்னு எப்படிப் பாப்பாங்க? 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா தப்பு, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185. ஆனா உடம்பு சும்மா இருக்காது. கல்லீரல் அந்த ஆல்கஹாலைக் கரைச்சுக்கிட்டே இருக்கும், சராசரியா ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லிகிராம், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும். விபத்து ராத்திரி ரெண்டரைக்கு. ரத்தம் எடுத்தது எப்ப? காலையில 11 மணி வாக்குல, சசூன் அரசு ஆஸ்பத்திரியில. எட்டரை மணி நேரம். எட்டரையை பதினஞ்சால பெருக்குங்க. 127. அதாவது ஒருத்தரோட ரத்தத்துல விபத்து நடந்தப்ப 120 மில்லிகிராம் இருந்துச்சுன்னு வைங்க, அனுமதிச்ச அளவைப் போல நாலு மடங்கு, காலையில 11 மணிக்கு டெஸ்ட் பண்ணா அது கிட்டத்தட்ட சைபருக்கு வந்துரும். யாரும் காசு கொடுக்க வேணாம், யாரும் எதையும் மாத்த வேணாம், கடிகாரம் ஓடுனாலே போதும்! மேலதிகாரிக்கும் கண்ட்ரோல் ரூமுக்கும் நேரத்துல தகவல் சொல்லாத ரெண்டு போலீஸ் அதிகாரிகளை சஸ்பெண்ட் பண்ணாங்க, அது எவ்வளவு பெரிய விஷயம்னு இந்தக் கணக்கு போட்டப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

ஆனா அந்தத் தாமதம் கூட போதல. போலீஸ் சொல்றபடி, பையன்கிட்ட இருந்து எடுத்த ரத்தத்தை குப்பைத் தொட்டியில போட்டுட்டு வேற ஒருத்தர் ரத்தத்தை டியூப்ல ஊத்தி, அதுல இவன் பேரை ஒட்டிட்டாங்க. ஆஸ்பத்திரி தடயவியல் பிரிவுத் தலைவர், இன்னொரு டாக்டர், ஒரு ஊழியர், மூணு பேரையும் கைது பண்ணாங்க. கைமாறுன பணம் 3 லட்சம்னு சொல்றாங்க. அந்த வேற ஒருத்தர் யாருன்னா, பையனோட அம்மா. ஜூன் 1ஆம் தேதி அவங்களையும் கைது பண்ணாங்க.

எப்படி மாட்டுனாங்கங்கிறதுதான் இதுல அழகு. அன்னைக்கு சாயங்காலமே போலீஸ் சந்தேகத்துல ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்துட்டாங்க, வேற ஆஸ்பத்திரியில, அவுந்த்ல. எதுக்கு? ஆல்கஹால் பாக்க இல்ல, அது அதுக்குள்ள கரைஞ்சிருக்கும். டிஎன்ஏ பாக்க. ஆல்கஹால் மணிக்கு மணி குறையும், டிஎன்ஏ குறையாது. ஒவ்வொரு பிள்ளையோட டிஎன்ஏலயும் பாதி அப்பாகிட்ட இருந்து வரும். அவுந்த்ல எடுத்த ரத்தம் அப்பாவோட ஒத்துப்போச்சு. சசூன் டியூப் ஒத்துப்போகல. தன் பிள்ளையோட ரத்தம்னு சீல் போட்டு இருந்த டியூப்ல அந்த அப்பாவோட வாரிசுக்கான அடையாளமே இல்ல. யோசிச்சுப் பாருங்க மக்களே, பிள்ளையைக் காப்பாத்தணும்னு நினைச்ச இடத்துல, அது எங்க பிள்ளையே இல்லைன்னு ஒரு ரிப்போர்ட் வந்து நிக்குது.

அந்த அம்மா மேல எனக்கு கோவம் மட்டும் வரல. வருத்தமும் வருது. நம்ம ஊர்ல பிள்ளைக்கு உடம்பு முடியலன்னா, என் ரத்தத்தை எடுத்துக்கங்கன்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல கையை நீட்டிக்கிட்டு நிக்கிற அம்மாக்களை நாம பாத்துருக்கோம். அதே கை. அதே ஊசி. இங்க எதுக்காக நீட்டுனாங்க? அவன் செஞ்சதுக்கு அவனே பதில் சொல்லணும்ங்கிற ஒரே ஒரு நிலைமை அவன் வாழ்க்கையில முதல் தடவையா வந்துருக்கு, அதை அவன்கிட்ட இருந்து புடுங்கிட்டாங்க. அதுக்குப் பேரு பாசம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். இதெல்லாம் குற்றச்சாட்டுதான், கோர்ட் இன்னும் தீர்ப்பு சொல்லல, அதையும் சொல்லிடுறேன்.

அடுத்து டிரைவர். அந்தக் குடும்பத்து டிரைவரும் அன்னைக்கு கார்லதான் இருந்தாரு. எரவாடா ஸ்டேஷன்ல முதல்ல அவரு, வண்டியை ஓட்டுனது நான்தான்னு சொன்னாரு. அதுக்கப்புறம் பையனோட தாத்தாவும் அப்பாவும் அவரைக் கூட்டிட்டுப் போய் பங்களாவுல அடைச்சு வெச்சு, போனைப் புடுங்கிக்கிட்டு, நீயே பழியை ஏத்துக்கோன்னு மிரட்டுனாங்கன்னு கேஸ். அவரை அங்கிருந்து மீட்டது அவரோட மனைவி.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க மாமா ஞாபகம் வந்துச்சு. சென்னையில இருபது வருஷம் ஆக்டிங் டிரைவரா இருந்தவர். ஒரு தடவை முதலாளி பையன் பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுத்து தூண்ல ஒரசிட்டான், அப்பா திட்டுவாருன்னு அழுதுருக்கான், மாமா "நான்தான் சார் ஒரசிட்டேன்"னு சொல்லி ரெண்டு நாள் சம்பளத்தை விட்டுக் கொடுத்துட்டாரு. வீட்டுல இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு, நாங்களும் சிரிப்போம், மாமா எவ்வளவு நல்லவர்னு. இப்ப யோசிச்சா சிரிப்பு வரல. அந்தப் பையன் அன்னைக்கு என்ன கத்துக்கிட்டான்?

இன்னொன்னு கேளுங்க, 1999 ஜனவரி 10, டெல்லி, லோதி காலனி. விடியக்காலையில ஒரு பிஎம்டபிள்யூ ஆறு பேரை இடிச்சுக் கொன்னுச்சு, அதுல மூணு பேரு போலீஸ்காரங்க. ஓட்டுனவன் முன்னாள் கடற்படைத் தளபதியோட பேரன். காரை கோல்ஃப் லிங்க்ஸ்ல ஃப்ரெண்ட் வீட்டுக்குக் கொண்டுபோய் ரத்தக்கறையைக் கழுவுனாங்க. போலீஸ் எப்படிக் கண்டுபுடிச்சாங்க தெரியுமா? மோதுனதுல கார்ல இருந்து ஆயில் ஒழுகியிருக்கு, ரோட்டுல அந்தக் கோட்டைப் புடிச்சுக்கிட்டே வீட்டு வாசலுக்கு வந்துட்டாங்க! 2008ல ஓட்டுனவனுக்கு அஞ்சு வருஷம், ஹைகோர்ட் அதை ரெண்டா குறைச்சுது, 2012ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு மேல 50 லட்சம் ரூபாயும் ரெண்டு வருஷ சமூக சேவையும் சேத்துச்சு. நான் இதைச் சொன்ன காரணம் வேற. காரைக் கழுவுன கேஸ்ல அந்த வீட்டுல வேலை செஞ்ச ரெண்டு பேரும் தண்டனை வாங்குனாங்க. அவங்க பேரு நமக்கு ஞாபகம் இருக்கா? அன்னைக்கு தண்ணி ஊத்தி ரத்தத்தைக் கழுவச் சொன்னாங்க, 25 வருஷம் கழிச்சு புனேல டியூப்ல இருக்கற ரத்தத்தையே மாத்திட்டாங்க. ரெண்டு இடத்துலயும் கையைக் கறையாக்கிக்கிட்டது சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்களும்தான்.

அமெரிக்காவுல இது நடக்காதான்னா, நடந்துச்சு. 2013, டெக்சாஸ், 16 வயசுப் பையன், ஈதன் கௌச், குடிபோதையில நாலு பேரைக் கொன்னுட்டான். அவன் தரப்புல வந்த சைக்காலஜிஸ்ட், இவனுக்கு 'அஃப்ளுயன்ஸா', அதாவது பணத்துலயே வளந்ததால தன் செயலுக்கு விளைவு உண்டுன்னே தெரியாமப் போச்சுன்னு சாட்சி சொன்னாரு. பத்து வருஷம் ப்ரொபேஷன், ஜெயில் இல்ல. 2015ல அதையும் மீறி அம்மாவும் பையனும் மெக்சிகோவுக்கு ஓடிட்டாங்க, அங்க பீட்சா ஆர்டர் பண்ண போனை வெச்சு புடிச்சுட்டாங்க. அப்புறம் 720 நாள் ஜெயில். நாலு உயிர், ஒரு உயிருக்கு 180 நாள். பாருங்க, அங்கயும் பக்கத்துல அம்மா.

சட்டம் என்ன சொல்லுது? சுருக்கமா. 16லருந்து 18க்குள்ள இருக்கறவங்க, குறைஞ்சபட்சத் தண்டனையே ஏழு வருஷம் இருக்கற கொடூரக் குற்றம் செஞ்சாதான் பெரியவங்க மாதிரி விசாரிக்க முடியும். அப்ப இருந்த இந்திய தண்டனைச் சட்டம், ஐபிசி 304ல, அதாவது கொலைன்னு சொல்ல முடியாத மரணக் குற்றத்துக்கு, அதிகபட்சம் ஆயுள் வரைக்கும் இருந்துச்சு, ஆனா குறைஞ்சபட்சம்னு ஒண்ணு இல்ல. அதனால அது அந்த வகையில வராதுன்னு சுப்ரீம் கோர்ட் 2020ல சொல்லிருச்சு, அதுவும் டெல்லியில 2016ல ஒரு மைனர் மெர்சிடிஸ் ஓட்டி ஒருத்தரைக் கொன்ன கேஸ்லதான். புனே பையனை பெரியவனா விசாரிக்கணும்னு போலீஸ் கேட்டதை சிறார் நீதி வாரியம் 2025 ஜூலைல தள்ளுபடி பண்ணிருச்சு.

இங்க நிறைய பேரு என்மேல கோவப்படுவீங்க, பரவால்ல. அந்த முடிவு தப்புன்னு நான் நினைக்கல. 17 வயசுல எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சட்டம்தான் இருக்கணும். இன்னைக்கு இந்தப் பணக்காரப் பையன் மேல இருக்கற கோவத்துல சட்டத்தை இறுக்குனா, நாளைக்கு அது வக்கீல் வைக்க வழியில்லாத வீட்டுப் பையன் கழுத்தைத்தான் நெரிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்துல 2019லருந்து இன்னொரு பிரிவு இருக்கு, 199ஏ. மைனர் வண்டி ஓட்டி குற்றம் செஞ்சா பெத்தவங்களுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 அபராதம், வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் ஒரு வருஷம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. இதை எல்லா ஊர்லயும் தினம் தினம் அமல்படுத்துனாலே போதும்னு நான் நினைக்கிறேன். ஸ்கூல் வாசல்ல சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நில்லுங்க, பத்தாவது படிக்கிற பையன் ஸ்கூட்டியில மூணு பேரா போவான், சாவியைக் கொடுத்தது யாரு?

அந்த 300 வார்த்தைக் கட்டுரையை 2024 ஜூலைல அவன் எழுதிக் கொடுத்துட்டான்னு செய்தி வந்துச்சு. அதுல என்ன இருக்குன்னு படிக்க எனக்கு ஆர்வம் இல்ல. அந்தப் பையன்கிட்ட கேக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கு: தம்பி, அன்னைக்கு 11 மணிக்கு உன் கையில ஊசி போட்டு எடுத்தது உன் ரத்தம், அது குப்பைக்குப் போயிருச்சுன்னு உனக்கு எப்ப தெரிஞ்சுது, தெரிஞ்சப்ப நீ என்ன சொன்ன?

டிரைவரா வேலை பாக்கற அண்ணன்மாருங்க யாராவது இந்த வீடியோவைப் பாத்தீங்கன்னா கமெண்ட்ல எழுதுங்க. உங்ககிட்ட யாராவது "நீ ஓட்டுனதா சொல்லிடு"ன்னு கேட்டுருக்காங்களா? என்ன பதில் சொன்னீங்க? உங்க பேரு வேணாம், ஊரு வேணாம், முதலாளி பேரும் வேணாம். அடுத்த வீடியோவுல நான் அதை மட்டும்தான் படிக்கப் போறேன்.