கேலனைத் திருத்தியவர்கள்

பெரியோர்களே, நண்பர்களே!

முஸ்லிம் நாகரிகம் அறிவியலுக்குத் தந்தது என்ன என்ற தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரு பட்டியலோடு வருவார்கள். அது எங்கள் கண்டுபிடிப்பு, இது எங்கள் கண்டுபிடிப்பு என்று அடுக்கிவிட்டுப் போவார்கள். வாட்ஸ்அப்பில் வருகிற பட்டியலில் பாதி கட்டுக்கதை. இன்னொரு பக்கம், "முஸ்லிம்கள் கிரேக்கர்களின் நூல்களைப் பத்திரமாக வைத்திருந்து ஐரோப்பாவிடம் சேர்த்தார்கள், அவ்வளவுதான்" என்பவர்களும் இருக்கிறார்கள். தபால்காரருக்கு நன்றி சொல்கிற தோரணை. சரி, எந்தத் தபால்காரராவது கடிதத்தைப் பிரித்துப் படித்து, அதில் இருக்கும் பிழையைத் திருத்தியிருக்கிறாரா?

9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை மொழிபெயர்த்தவர்களில் முதன்மையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அவர் கிறிஸ்தவர். முஸ்லிம் நாகரிகம் என்று நாம் சொல்வதில் இவரைப் போன்றவர்களும் அடக்கம். அதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது. அடுத்த தலைமுறையில் வந்த மருத்துவர் அர்-ராஸி, கேலன் மீது தமக்குள்ள ஐயங்களையே ஒரு தனி நூலாக எழுதினார். இவ்வளவு கற்றுக்கொடுத்தவரை மறுத்து எழுதுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார்.

1200ஐ ஒட்டி எகிப்தில் கொடும் பஞ்சம். கெய்ரோவுக்கு அருகே எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடந்தன. அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி என்ற மருத்துவர் அங்கே போய்ப் பார்த்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கேலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அதுதான் பாடம். இவர் இரண்டாயிரத்துக்கும் அதிகமான மண்டையோடுகளைப் பார்த்தார்; ஒன்றில்கூடத் தாடையில் இணைப்பு இல்லை. பிறரையும் பார்க்கச் சொன்னார். அப்புறம்தான் கேலனைவிடக் கண்ணால் கண்டதே நம்பத்தக்கது என்று எழுதினார்.

இவருக்கு இரண்டு நூற்றாண்டு முந்தியவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த ஒளியியல் அறிஞர் இப்னு அல்-ஹைதம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நமக்குப் பார்வை கிடைக்கிறது என்பது பழைய கிரேக்க அறிஞர்கள் யூக்ளிடும் தாலமியும் சொன்னது. சூரியனைப் பார்த்தால் கண் ஏன் வலிக்கிறது என்று கேட்டார் இவர். கதிர் நம்மிடமிருந்து போகிறதென்றால் வலிக்க வேண்டியதில்லையே! பிறகு ஓர் இருட்டறை, அதற்கு ஒரு சிறு துளை, வெளியே வரிசையாக விளக்குகள். எத்தனை விளக்கோ அத்தனை ஒளிப்பொட்டுகள் உள்ளே விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒளி நேர்க்கோட்டில் வருகிறது, ஒரே துளையில் நுழைந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான். அவருடைய ஒளியியல் நூல் லத்தீனுக்குப் போய், 1572இல் பாசல் நகரில் அச்சானது. அவரும் ஓரிடத்தில் சறுக்கியிருந்தார். கண்ணில் ஒளியை உணரும் இடம் வில்லை (லென்ஸ்) என்று நினைத்தார். உருவம் விழுவது வில்லையில் அல்ல, விழித்திரையில் என்று 1604இல் திருத்தியவர் ஜெர்மன் வானியலாளர் கெப்ளர். ஆசானைத் திருத்தியவரை அவர் வழி வந்தவர் திருத்தினார்.

கடைசியாக, கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவர் இப்னு அந்-நஃபீஸ். இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு நடுச்சுவரில் உள்ள துளைகள் வழியே இரத்தம் போகிறது என்றார் கேலன். பெரும் மருத்துவ அறிஞர் இப்னு சீனாவும் அதை ஏற்றார். 1242இல், முப்பதைத் தொட்டும் தொடாத வயதில், இப்னு சீனாவின் நூலுக்கே உரை எழுதும்போது இவர் மறுத்தார்: சுவர் தடிமனானது, துளையே கிடையாது, இரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்துதான் இடப்பக்கம் வருகிறது.

ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி, 1924இல் பெர்லினில் இருந்த சுவடியிலிருந்து இதை வெளியே கொண்டுவந்தார். ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் செர்வெட்டஸ் இதையே அச்சிட்டது 1553இல். கெய்ரோவிலிருந்து செய்தி அங்கே போனதா, தானாகக் கண்டாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நம் ஆட்கள் சிலர் உடனே "திருடிவிட்டார்கள்" என்று மேடையில் முழங்குகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, தேவையும் இல்லை. முந்நூறு ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்தவருக்கு யார் மீதும் வழக்குப் போட வேண்டிய அவசியம் என்ன?