உரிமத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றைத் தொடங்குகிறவர்கள், நிரல் எழுதுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது, அதை எந்த நிபந்தனையில் பிறர் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தின் மீது காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன். ஒருவர் எழுதி அனுப்பும் நிரலின் பதிப்புரிமை, அவராக எழுதிக் கொடுத்தாலொழிய, அவரிடமே இருக்கிறது. நூறு பேர் பங்களித்தால் நூறு உரிமையாளர்கள். பிற்பாடு உரிமத்தை மாற்ற நினைத்தால் ஒவ்வொருவரையும் தேடிப்போய்ச் சம்மதம் கேட்க வேண்டும்.

இதன் பாரத்தை உணர ஓப்பன்எஸ்எஸ்எல் கதை ஒன்றே போதும். இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொற்களைப் பிறர் படிக்காமல் காக்கும் நிரல்தொகுப்பு அது. அதைப் பயன்படுத்தும் மென்பொருளை விளம்பரம் செய்பவர்கள் அதன் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று பழைய உரிமத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த ஒற்றை நிபந்தனையால், மாற்றி வெளியிடுபவர்களும் கூடுதல் நிபந்தனை சேர்க்காமல் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று கோரும் ஜி.பி.எல். உரிமத்தில் வந்த மென்பொருள்களோடு அதைச் சேர்ப்பதில் ஆண்டுக்கணக்கில் சிக்கல். 2017-இல், அந்த விளம்பர நிபந்தனை இல்லாத அப்பாச்சி உரிமத்துக்கு மாறுவதற்காக ஏறத்தாழ 400 பங்களிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் போனது. பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என்று அதில் ஒரு வரி. கடும் கண்டனம் எழுந்தது; எழுந்ததே நியாயம். மௌனம் சம்மதம் என்பது பழமொழியோடு நிற்கட்டும், அடுத்தவர் உழைப்புக்கு அதைப் பொருத்தக் கூடாது. புதிய உரிமத்துடன் 3.0 பதிப்பு வெளிவந்தபோது 2021 செப்டம்பர் ஆகிவிட்டது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருநிரல் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பில் மட்டுமே இருக்கிறது. புதிய பதிப்புக்கு மாற வழிவிடும் 'அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு' என்ற சொற்கள் அதன் உரிமத்தில் பொதுவாகச் சேர்க்கப்படவில்லை. மூன்றாம் பதிப்பு 2007-இல் வந்தபோது அதற்கு மாற, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விரும்பவில்லை. விரும்பியிருந்தாலும் ஆயிரக்கணக்கான பங்களிப்பாளர்களிடம், அவர்களில் காலமானவர்களின் வாரிசுகளிடமும், யார் போய்க் கேட்பது?

ஆகவே வெளியே போகும் நிரலுக்கு உரிமம் எழுதுவதோடு, உள்ளே வரும் நிரலுக்கும் விதி எழுத வேண்டும். லினக்ஸ் திட்டத்தில் 2004 முதல் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாற்றத்தின் குறிப்பிலும் கடைசியில் ஒரு வரி: 'சைன்டு ஆஃப் பை', அதாவது 'ஒப்பமிட்டவர்' என்ற சொற்கள், பெயர், மின்னஞ்சல் முகவரி. பார்வைக்குச் சிறிய வரிதான். இதை நானே எழுதினேன், அல்லது இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு என்று எழுதியவர் அதன்மூலம் உறுதி கூறுகிறார். அலுவலக நேரத்தில் எழுதிய நிரல் பெரும்பாலும் முதலாளிக்கே சொந்தம் என்பதால், பலரை ஒருகணம் யோசிக்க வைக்கும் உறுதிமொழி இது.

வேறு சில திட்டங்கள், குறிப்பாக ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை, பங்களிப்பாளரிடம் தனி ஒப்பந்தமே வாங்குகின்றன. நிரலை எந்த உரிமத்திலும் வெளியிட அதன்மூலம் நிறுவனத்துக்கு அதிகாரம் கிடைத்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில், மேகக் கணினி வசதிகளை நிரல் மூலம் அமைக்க உதவும் டெராஃபார்ம் என்ற மென்பொருள் கட்டற்ற உரிமத்திலிருந்து விலகியதை நினைத்துப் பாருங்கள். பழைய உரிமத்தில் இருந்த நிரலைக் கொண்டு ஓப்பன்டோஃபு என்ற கிளைத்திட்டத்தை, அதைச் சார்ந்திருந்த நிறுவனங்களும் பயனர்களும் தொடங்க வேண்டியதாயிற்று. சன்மானம் வாங்காமல் எழுதுகிறவர்கள் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இருமுறை படிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

யார் முடிவெடுப்பது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் என்ற இயங்குதளத் திட்டம், தன் கொள்கைகளைச் சொல்லும் சமூக ஒப்பந்தத்தை 1997-இலேயே ஏற்றுக்கொண்டது. வைஃபை போன்ற வன்பொருள்கள் இயங்க அவற்றுக்குள் ஓடும் நிரலான நிலைபொருளை, அது கட்டற்றதாக இல்லாவிட்டாலும், நிறுவல் வட்டில் சேர்க்கலாமா என்ற கேள்வி 2022-இல் எழுந்தது. உறுப்பினர்கள் வாக்களித்து, சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்காக ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். எனக்கு அந்த முடிவில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் எதிர்த்தவர்களின் வாதமும் விருப்ப வரிசைப்படி பதிவான வாக்குகளும் இன்றும் எவரும் படிக்கும்படி இருக்கின்றன. கொள்கை மாற்றம் இப்படித்தான் நடக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது. உரிமமே இல்லாமல் நிரலைப் பொதுவில் வைத்திருப்பவர்கள் ஏராளம். அதை எடுத்துப் பயன்படுத்தச் சட்டப்படி எவருக்கும் அனுமதி இல்லை. உங்கள் திட்டத்தில் இதுவரை எழுதியவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்றே ஓர் உரிமத்தைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.