எண்ணைக் கொடுத்தார்கள், பெயரைத் தொலைத்தார்கள்

அவையோருக்கு வணக்கம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கனடாவில் 'இந்தியன் ஹாஸ்பிடல்' என்றால் நம்மவர்களுக்கானது அல்ல. அந்த மண்ணின் பூர்வகுடிகளை வெள்ளையர் வார்டுகளில் சேர்க்காமல் தனியே வைக்க மத்திய அரசு நடத்தியவை அவை. அவற்றில் பெரியவற்றுள் ஒன்று எட்மன்டன் நகரத்துச் சார்ல்ஸ் காம்செல் மருத்துவமனை. ஜேசு சபையாரின் கல்லூரிக் கட்டடம்; போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது; 1946இல் பூர்வகுடிகளின் காசநோய் மருத்துவமனையானது. இத்தகைய இடங்களில் ஒரு நோயாளிக்கு ஆன நாள் செலவு, மற்ற மருத்துவமனைகளில் ஆனதில் ஏறத்தாழப் பாதிதான்.

மேற்கு ஆர்க்டிக்கிலிருந்து நோயாளிகளை விமானத்தில் காம்செலுக்குக் கொண்டுவந்தார்கள். கிழக்கே 1950 முதல் 'சி. டி. ஹோவ்' என்ற கப்பல் போனது. ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களை அதில் ஏற்றி, எக்ஸ்ரே எடுத்து, கையில் எண் எழுதுவார்கள். நோய் தெரிந்துவிட்டால் பலருக்குக் கரையிறங்கி விடைபெறக்கூட அனுமதியில்லை. கப்பல் அப்படியே தெற்கே கிளம்பிவிடும். 1956 வாக்கில் இனுயிட்களில் ஏழில் ஒருவர் தெற்கத்திய மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார்.

சிகிச்சைக்கு வருவோம். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் (PAS) என்ற மருந்தும் ஏற்கெனவே இருந்தன. 1952இல் ஐசோனியசிட் வந்தது. ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி தப்பிக்கப் பழகிவிடும், ஆகவே மருந்துகளைச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் ஒரு வருடத்துக்கு மேல். வெள்ளைக்கார நோயாளியை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பலாம் என்று நம்பியவர்கள் பூர்வகுடியை நம்பவில்லை. ஆகவே வருடக்கணக்கில் படுக்கை. கூடவே கத்தி: மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுவிட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே விலா எலும்புகளை வெட்டியெடுத்து நுரையீரலை அமுக்கிவிடுவார்கள். உடம்பு ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். எலும்பில் நோய் கண்ட குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் மாவுக்கட்டு. 1953 முதல் சிகிச்சையை மறுப்பதும் சட்டப்படி குற்றம்.

இத்தனை கறாராக ஆளைக் கொண்டுபோனவர்கள் பதிவேட்டில் கோட்டைவிட்டார்கள். இனுயிட்களுக்கு அப்போது குடும்பப் பெயர் கிடையாது. அரசு ஆளுக்கொரு எண் கொடுத்து, வட்டமான சிறு வில்லையில் பொறித்துக் கொடுத்தது. ஒருவருக்கே தாய்மொழிப் பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வில்லை எண் ஒன்று; எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் வேறு. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தடம் அறுந்துவிடும். இறந்தவரைப் பெரும்பாலும் அங்கேயே புதைத்துவிடுவார்கள். ஊருக்குச் சேதி போகாமலே போனதும் உண்டு. எட்மன்டனை ஒட்டிய செயின்ட் ஆல்பர்ட் கல்லறையில் அப்படிப் புதைக்கப்பட்ட 98 பேருக்கு ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

2019 மார்ச்சில் கனடா பிரதமர் இகாலுயிட் நகரில் மன்னிப்புக் கேட்டார். அன்றே 'நனிலாவுட்', அதாவது 'தேடிக் கண்டுபிடிப்போம்' என்ற தரவுத்தளமும் திறக்கப்பட்டது. தேடி வருகிறவர்கள் பாட்டியின் எல்லாப் பெயர்களையும் வில்லை எண்ணையும் கொண்டுவர வேண்டியிருக்கிறது.